அரக்கின் பக்கத்து நியாயம்

தாத்தா காலத்துத் தேக்கு அலமாரியோ, ஈட்டிமரச் சாய்வு நாற்காலியோ, பலாப்பலகை ஊஞ்சலோ ஒரு வீட்டில் மங்கிக் கிடக்குமானால், அதைப் பார்த்துப் பரிதாபப்படும் உறவினர் முதல் கூலி பேச வரும் பாலீஷ்காரர் வரை எல்லோரும் ஒருமித்துச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: மேலே படிந்திருப்பதை எல்லாம் மெஷின் வைத்துத் தேய்த்து, வெறும் மரம் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும், பிறகு பாலியூரிதேன் என்னும் பி.யு. மெருகை ஸ்பிரே அடித்துவிட்டால் பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த அபிப்பிராயம் இன்று சர்வசாதாரணமாகப் பரவி, ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தபடி தச்சு வேலை பழகும் அன்பர்கள்கூடக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. இது பிழையான அபிப்பிராயம் என்றும், இதனால் பழைய மரச்சாமான்களுக்கு நேரும் நஷ்டம் ஈடுசெய்ய இயலாதது என்றும், அந்தச் சாமான்கள் பிறந்த காலத்தில் அவற்றின்மேல் ஏற்றப்பட்ட அரக்கு மெருகே இன்றும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உகந்தது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் குறையாமல் எடுத்துச் சொல்லிவிடுவது தர்மம். பி.யு. மெருகு காய்ந்து இறுகிய பிறகு தண்ணீரோ, ஸ்பிரிட்டோ, சூடான காப்பித் தம்ளரோ அதை எளிதில் தீண்டுவதில்லை. அரக்கு மெருகின்மேல் ஈரத் தம்ளரை இரவு முழுதும் வைத்திருந்தால் காலையில் அங்கே வெள்ளை வளையம் விழுந்திருக்கும். சுமார் 75 டிகிரி செல்ஷியஸ் சூட்டிலேயே அரக்கு இளகத் தொடங்கிவிடும். சலவை சோடாவோ அமோனியாவோ கலந்த நீரால் துடைத்தால் கரைந்தும் போகும். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆகவேதான் சமையற்கட்டு மேடைக்கும், தினந்தோறும் ஆவி பறக்கும் பாத்திரங்களை இறக்கி வைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும், வெயிலும் மழையும் நேரே தாக்கும் வாசற்கதவுக்கும் அரக்கு பூசுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டகம், புத்தக அலமாரி, எழுதுமேஜை, கட்டில், சாய்வு நாற்காலி, படச்சட்டம், சுவாமி மண்டபம் என்று ஒரு வீட்டிலுள்ள சாமான்களை எண்ணிப் பார்த்தால், சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆட்படுபவை மிகச் சிலவே என்பது விளங்கும். அந்தச் சிலவற்றுக்கு வேண்டிய கவசத்தை எல்லாவற்றுக்கும் மாட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

‘உறுதியானது, ஆகவே நெடுநாள் உழைக்கும்’ என்பதுதான் அவர்கள் வாதத்தின் ஆணிவேர். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே அவர்கள் வைக்கும் ‘ஆகவே’ பொருந்தாது. சேதமே அடையாத மெருகு என்று ஒன்று இல்லை. மரம் என்பது வெட்டி அறுத்து நூறு வருஷம் ஆன பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கியும் விட்டும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும் பதார்த்தம்; அதிலும் வருஷ வளையங்களை ஒட்டிய திசையில் விரிவது, வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த மெருகும் இந்த ஈரப் போக்குவரத்தைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுத்துவிடாது. சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி அடைமழையில் உப்பும் ஒரு கதவுச் சட்டத்தின் பொருத்துவாயில், மேலே பூசிய படலம் எத்தனை உறுதியானதாக இருந்தாலும் என்றேனும் ஒருநாள் மயிரிழையளவு வெடிக்கத்தான் வெடிக்கும். குழந்தைகள் கீறுவார்கள், வீடு மாற்றும்போது மூலை இடிபடும், சாவிக்கொத்து விழுந்து தழும்பு உண்டாகும். ஆகையால் ஒரு மெருகைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை நாள் சேதமடையாமல் இருக்கும் என்பதைவிட, சேதமடைந்த மறுநாள் அதை என்ன செய்ய முடியும் என்பதே ஆகும்.

இந்தக் கேள்விக்கு இரண்டு மெருகுகளும் தரும் விடை வேறு வேறானது. அந்த வேற்றுமைக்குக் காரணம் அவற்றின் ரசாயனத்தில் இருக்கிறது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்திருப்பது. ஸ்பிரிட் ஆவியாகிப் போனவுடன் அரக்கு படலமாக நிற்கிறது. மீண்டும் ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரைகிறது. எனவே இன்று பூசும் கை, அறுபது வருஷத்துக்கு முன் பூசிய கையின் படலத்தைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. புதியது எங்கே முடிகிறது, பழையது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே படலமாகின்றன. பி.யு. மெருகிலோ, குறிப்பாக ஹார்டனர் கலந்து அடிக்கும் இருகலவை வகையில், மூலக்கூறுகள் ஒன்றையொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துக்கொண்டு நிரந்தர வலையாகிவிடுகின்றன. காய்ந்தபின் எந்தத் தின்னரும் அதைக் கரைக்காது. அவர்கள் குணமாகப் போற்றும் அந்தப் பிணைப்பே, ஒரு கீறல் விழுந்தவுடன் குற்றமாகிவிடுகிறது. ஏனெனில் மேலே பூசும் புதிய மெருகு பழையதோடு கலக்க மறுத்து அடுக்காகவே நிற்கும், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும், அதை மறைக்க முழுப் பலகையையும் திரும்பத் தேய்த்தாக வேண்டும். படலம் வெடித்த இடத்தில் நுழையும் ஈரம், வெளியேற வழியின்றி அடியில் பரவி மரத்தைக் கறுக்க வைப்பதையும், நாளடைவில் படலம் பாம்புச் சட்டையைப் போல உரிந்து வருவதையும், இந்த மெருகு பூசிய வாசற்கதவுகளில் எவரும் பிரத்தியட்சமாகக் காணலாம். ஒரு சிறு காயத்துக்குச் சாமான் முழுவதையும் மழித்தாக வேண்டிய இந்த நிர்ப்பந்தத்தைத்தான் ‘திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை’ என்ற வாக்குறுதி மூடி மறைக்கிறது.

பழம்பொருள்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட மியூசிய நிபுணர்கள் இந்த விஷயத்தில் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். அவர்கள் மிகுதியாகக் கையாளும் பிசின்களில் ஒன்றான பாரலாய்டு பி-72, எத்தனையோ நவீனப் பிசின்களைக் காட்டிலும் உறுதி குறைந்ததுதான். இருந்தும் அதை விரும்புவதற்குக் காரணம், அசிட்டோனைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் அதைக் கரைத்து எடுத்துவிடலாம், நாளை வரும் நிபுணர் இன்றைய வேலையைக் கலைத்துத் திருத்த இடம் இருக்கும் என்பதே. நம் பழைய ஆசாரிகள் இந்தத் தத்துவத்தைப் பிரசங்கம் செய்யவில்லையானாலும் அவர்கள் கையாண்ட பொருள்களில் அது அடங்கியிருந்தது. பொருத்துகளை ஒட்ட அவர்கள் காய்ச்சிய வச்சிரம் வெந்நீரும் சூடும் பட்டால் நெகிழ்ந்து விட்டுக்கொடுக்கும். ஆகவே ஆடிப்போன நாற்காலிக் காலைப் பலகை பிளக்காமல் கழற்றி மறுபடி ஒட்டலாம். உள்ளே வச்சிரம், வெளியே அரக்கு: இரண்டுமே திரும்பப் பெறத்தக்கவை. அந்த நாற்காலிகள் இன்னும் நம் வீடுகளில் உட்காரத் தகுந்தவையாக இருப்பதற்குத் தேக்கின் உறுதி பாதிக் காரணம். பழுது பார்க்க இடம் வைத்துச் செய்த முறை மறுபாதிக் காரணம்.

மெருகைப் பற்றிய பிழையைக் காட்டிலும் பெரியது, மெருகுக்கு முன்னால் நடக்கும் மழிப்பைப் பற்றிய பிழை. பழைய மரத்தின் நிறம் மேலே பூசியதன் நிறம் மட்டுமே என்றும், தேய்த்தால் அடியிலிருந்து ‘அசல்’ நிறம் வந்துவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. அறுத்த அன்று பச்சையும் கறுப்புமான கோடுகளோடு சீரற்றுத் தெரியும் தேக்கு, ஒளி பட்டுப் பட்டுத்தான் பொன் கலந்த பழுப்பாகிறது. பலாமரம் அறுத்த அன்று மஞ்சள் கிழங்கின் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தேர்ந்தெடுக்கும் அந்த மரம், வருஷங்கள் கழிய இளஞ்சிவப்பேறிய ஆழ்ந்த பழுப்புக்கு வந்து சேர்கிறது. ஈட்டியின் ஊதாக் கருமை வெளிச்சத்தில் மெல்ல மெல்லத் தணிந்து இதமாகிறது. ஒளியும் காற்றும் சேர்ந்து அரை நூற்றாண்டு, முக்கால் நூற்றாண்டு உழைத்து உண்டாக்கிய இந்த நிறம், மரத்தின் மேல்தோலில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழத்துக்கே நிற்பது. மெஷினில் முரட்டு உப்புத்தாளை மாட்டிச் சில நிமிஷம் ஓட்டினால் அது தூளாகிக் குப்பைக்குப் போய்விடுகிறது. நான் பார்த்த ஒரு பலாமரப் பெட்டகத்தில், மெஷின் எட்டிய இடமெல்லாம் மஞ்சளும், மூலைகளிலும் சட்டத்தின் ஓரங்களிலும் பழைய பழுப்புமாகத் திட்டுத் திட்டாக நின்றது. அந்த அலங்கோலத்தை மறைக்க அதன்மேல் சாயம் பூசினார்கள். சாயம் மரத்தின் ரேகைகளை மங்கவைத்தது. மங்கிய ரேகைகளின்மேல் கண்ணாடி போன்ற மெருகு ஏறியது. அசல் மரத்தைக் காட்டப் புறப்பட்ட காரியம், அசல் எது என்றே தெரியாதபடி அதை மூடிவிட்டதில் முடிந்தது. இந்த நஷ்டத்துக்கு எந்தக் கடையிலும் மாற்று விற்பதில்லை. இன்னும் ஐம்பது வருஷம் காத்திருப்பது ஒன்றே வழி.

நிறத்தோடு வேறு பலவும் போகின்றன. கையால் இழைப்புளி ஓட்டிய பலகையை விளக்கின் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய அலைகள் தெரியும். அவை ஒரு மனிதனின் கைச் சுவடுகள். செதுக்கு வேலையில் இதழ்களின் விளிம்பும், கடைசல் கால்களில் வளையங்களின் கூர்மையும் உப்புத்தாளுக்கு முதற்பலியாகின்றன. மெல்லிய வினீர் ஒட்டிய சாமானாக இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். இன்றைய வினீர் அரை மில்லிமீட்டர் கனம்தான், சற்றுக் கவனம் பிசகினால் அடிப்பலகை எட்டிப் பார்த்துவிடும். காஸ்டிக் சோடாவால் மெருகை உரிப்பது மெஷினுக்குச் சாதுவான மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் காரம் தேக்கைக் கறுக்கச் செய்வதோடு பொருத்துவாயின் வச்சிரத்தையும் தளர்த்திவிடும்.

‘அதெல்லாம் சரி, அரக்கு மெருகு ஏற்றக் கைதேர்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்?’ என்பது அடுத்த ஆட்சேபம். கண்ணாடி போன்ற உயர்தர பிரெஞ்சு பாலீஷுக்கு வருஷக்கணக்கான அப்பியாசம் வேண்டும் என்பது மெய். ஆனால் வீட்டு அலமாரிக்கு அந்தக் கண்ணாடித் தோற்றம் அவசியம் என்று யார் விதித்தார்கள்? பழைய மெருகைக் காப்பாற்றி உயிர்ப்பிக்கும் அளவுக்கு வேண்டிய கைப்பழக்கம் நிதானமுள்ள எவருக்கும் சில வாரங்களில் வந்துவிடும். வீட்டில் வேலை செய்கிறவருக்குப் பி.யு.வைவிட அரக்கு எத்தனையோ மடங்கு சௌகரியமானது என்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். இருகலவைப் பி.யு.வின் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்னும் ரசாயனம், தொழிற்கூடங்களில் ஆஸ்துமா உண்டாக்குவதாக நன்கு அறியப்பட்டது. ஒருமுறை உடம்பு அதை வெறுக்கத் தொடங்கிவிட்டால் பிறகு மிகச் சொற்ப அளவும் மூச்சைத் திணற அடிக்கும். அதை ஸ்பிரே செய்வதற்கு முறையான காற்றோட்டமும் அதற்கென்றே அமைந்த சுவாசக் கவசமும் இன்றியமையாதவை. அடுத்த அறையில் குழந்தை தூங்கும் வீடு அதற்குரிய இடமன்று. அரக்குக்கு வேண்டியவை ஒரு பாட்டில், கொஞ்சம் பஞ்சு, நைந்த பருத்தி வேட்டித் துண்டு, திறந்த ஜன்னல். அரக்கு மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாக நாம் தின்றுகொண்டிருக்கும் பொருள்தான். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது அதைக் கரைக்கும் ஸ்பிரிட்டிடம் மட்டுமே, அது நெருப்புக்கு அஞ்ச வேண்டிய பொருள், அதன் ஆவியைச் சுவாசிப்பதும் நல்லதன்று.

முறையும் கடினமானதன்று. முதலில் தூசியையும் பழைய மெழுகழுக்கையும் நீக்கிவிட்டு, சாமானின் மறைவான ஒரு மூலையில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டுப் பார்க்க வேண்டும்; அந்த இடம் பிசுபிசுத்தால் மேலே இருப்பது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ நவீனப் படலமோ என்று கொள்ளலாம். அரக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெல்லிய தகடுகளாக நொறுக்கிய அரக்கான அவலரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் வீதம் கண்ணாடிப் பாட்டிலில் இட்டு ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். இரும்பு டப்பா ஆகாது, அரக்கு கறுத்துவிடும். பஞ்சை உள்ளே வைத்துத் துணியால் சுற்றிய பந்தை இதில் நனைத்து, பலகையின்மேல் எங்கும் நிறுத்தாமல் வட்ட வட்டமாக ஓட்டினால் மங்கிய பழைய படலம் இளகிப் புதியதோடு கூடி மீண்டும் ஒளி பெறும். துணி இழுபட்டால் பந்தின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். எதிர்க்கட்சியினர் பெரிதுபடுத்தும் அந்த வெள்ளை வளையம், ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மிருதுவாக ஒற்றித் துடைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கறுத்த வளையம் வேறு ஜாதி: இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து உண்டாக்குவது, அந்த இடத்தில் மட்டும் மெருகை எடுத்து, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் வெளுக்கச் செய்து, நன்றாகக் கழுவ வேண்டும். அது விஷம், கையுறை அவசியம். மழை நாளில் அரக்கு வேலை கூடவே கூடாது. காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்மை படரும். ஆறு மாதத்துக்கு மேல் கரைத்து வைத்த அரக்கையும் நம்ப வேண்டாம். கண்ணாடித் துண்டில் ஒரு துளி தடவிப் பார்த்து, மறுநாளும் ஒட்டினால் கொட்டிவிடுவதே உத்தமம்.

மெருகே வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஊட்டினால் மரம் ஜீவனோடு இருக்கும் என்று சொல்லும் இன்னொரு கட்சியும் உண்டு. இறந்த மரத்துக்குப் பசியில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றின் ஈரத்தை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. அந்த எண்ணெயில் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமாகவே தீப்பற்றக் கூடும் என்பதையும் அந்தக் கட்சியினர் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குமேல் அதைப் பற்றி இங்கே விவகாரம் வேண்டாம்.

அரக்கு பழையது, ஆகவே பின்தங்கியது என்ற எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. பாலியூரிதேனின் ரசாயனம் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரால் 1937-ல் கண்டறியப்பட்டது. இருநூறு வருஷம் நின்ற பி.யு. மெருகை இதுவரை எவரும் கண்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரக்கு மெருகேறிய சாமான்களோ இன்றும் ஐரோப்பிய வீடுகளிலும் மியூசியங்களிலும் இருக்கின்றன. அந்த மெருகுக்கு வேண்டிய அரக்கு போனது நம் தேசத்திலிருந்துதான். புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசினே கொம்பரக்கு; அதைச் சுரண்டி, கழுவி, துணிப்பையில் இட்டுக் கரியடுப்பின் முன் உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. 78 சுற்று கிராமபோன் தட்டுகள் பாடியது இந்த அரக்கின் தயவால். ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924-லேயே இதற்கென ஆராய்ச்சிக் கூடம் நிறுவப்பட்டது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டோரங்களில் பழங்குடிக் குடும்பங்கள் பல இன்றும் இந்த விளைச்சலின் வருமானத்தை நம்பியிருக்கின்றன. அந்த மரங்களை வெட்டாமல் காப்பதற்கு அவர்களுக்கு அதுவே ஒரு காரணமாகவும் இருக்கிறது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் பொம்மைக்காரர்கள் சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டிலேயே அதை உருக்கிப் படியவைத்து, தாழை ஓலையால் மெருகிடுவதை ஒருமுறை பார்த்தவர், இந்தப் பொருளைப் பின்தங்கியது என்று சொல்லத் துணியமாட்டார்.

வீட்டில் தச்சு வேலை பழகும் அன்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். புதிதாகச் செய்யும் சாப்பாட்டு மேஜைக்கு உங்கள் இஷ்டப்படி பி.யு. பூசிக்கொள்ளுங்கள். பழைய சாமான் ஒன்று கைக்கு வந்தால் மட்டும், மெஷினின் பிளக்கைச் செருகுமுன் மறைவான மூலையில் அந்த ஒரு துளி ஸ்பிரிட்டை விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் உப்புத்தாளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நூறு கிராம் அவலரக்கு வாங்கி வாருங்கள்.